மலேசியாவுக்கு ஓர் அக்கா

அழகேசன் என்ற பெயரை நான் பிறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பார்த்த பிறகு வைத்திருக்க மாட்டார்கள். வயது நாற்பத்தொன்று. ரவாங்கில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் வேலை. அதாவது, டப்பாவுக்கு மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். புக்கிட் பெருந்துங்கில் ஒரு வீடு, ஒரு மனைவி, ஓர் அம்மா, ஒரு தொப்பை. ஓய்வு நேரத்தில் நான் மலேசியா.

கடைசி வாக்கியம் அச்சுப்பிழை அல்ல. ஜப்பானிய அனிமேத் தொடர் ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு நாடும் ஓர் ஆள். ஜெர்மனி கோபக்காரன், இங்கிலாந்துக்கு எப்போதும் சளி, ஜப்பான் யாரைப் பார்த்தாலும் குனிந்து வணங்கும். எல்லோரும் வட்ட மேசையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள், கடைசியில் யாராவது அழுவார்கள். நம்முடைய கோயில் கமிட்டிக் கூட்டம் மாதிரியேதான், தலைமுடி மட்டும் மஞ்சள்.

ராசா என்ற ஊர்ப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்த காலத்தில்தான் அந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். விழுந்ததற்குக் காரணம் வேகம் என்று தொழிற்சாலையில் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு வாத்து குறுக்கே வந்தது, நான் அதற்குப் பயந்துவிட்டேன் என்பது நித்தியாவுக்கு மட்டும் தெரியும். நித்தியா என் மனைவி. ரவாங்கில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். என்னைப் பற்றிய உண்மைகளையும் அதே மாதிரி, கேட்டவர்களுக்கு அளவாக எடுத்துக் கொடுப்பாள்.

பல நாள் பார்த்த பிறகு, ஒரு பாகத்தில், கதவைத் திறந்துகொண்டு மலேசியா வந்தான். வெள்ளைச் சட்டை, இடுப்பில் ஜரிகைத் துணி, காதோரம் ஒரு செம்பருத்திப் பூ, கையில் ஒரு தட்டு. தட்டில் நுரை ததும்பும் தே தாரிக், இழுத்து ஆற்றிய பால் தேநீர். சண்டை போட்டுக்கொண்டிருந்த எல்லா நாட்டுக்கும் ஆளுக்கொரு கிளாஸ் வைத்தான், இளித்தான், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான். வசனம் கிடையாது. அந்தத் தொடரில் மலேசியா மறுபடி வரவே இல்லை.

நான் எழுந்து உட்கார்ந்தேன். மாவுக்கட்டு நாற்காலியில் இடித்த வலிகூடத் தெரியவில்லை. அது நான்தான்.

முகத்தைச் சொல்லவில்லை. ஜப்பானியர் வரைகிற முகத்தில் கண் போகக் கன்னத்துக்கே இடம் இருக்காது, அதில் இனத்தை எங்கே தேடுவது. நிறமும் என்னைவிட இரண்டு வாளி வெளுப்பு. நான் சொல்வது அந்தத் தட்டை. எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம், எந்தக் கருமகாரியம் என்றாலும் தட்டு என் கையில்தான். மற்ற ஆண்கள் நாற்காலியை வட்டமாகப் போட்டு அரசியல் பேசுவார்கள். நான் அவர்களுக்கு நடுவே சிராப் தண்ணீரோடு நுழைந்து, ஆளுக்கொன்று வைத்துவிட்டு, இளித்துவிட்டு வெளியேறுவேன். யாரும் என்னிடம் ஒரு கருத்துக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் இருந்ததில்லை. உலகத்தில் ஒரு நாடே அப்படி இருக்கிறது என்று பார்த்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நித்தியா இன்னும் மன்னிக்கவில்லை. கோலசிலாங்கூரில் அந்தத் தொடரின் ரசிகர் குழு ஒன்று இருந்தது. பிடித்த பாத்திரத்தின் வேடம் போட்டுக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடுவார்கள், கோஸ்பிளே என்பார்கள். எல்லோருக்கும் இருபது வயசு. நான் ராசாவில் ஒரு தையல்காரரிடம் சட்டை தைத்து, கல்யாணச் சாமான் கடையில் தட்டு வாங்கி, வீட்டு வாசலில் செம்பருத்தி பறித்துக் காதில் சொருகிக்கொண்டு போய் நின்றேன். அவர்கள் என்னை யாரோ ஒருவருடைய அப்பா என்று நினைத்து, பிள்ளைகளை அழைத்துப்போகும் பெற்றோருக்கான நாற்காலியைக் காட்டினார்கள்.

மலேசியா வேடம் போட்ட ஒரே ஆள் நான்தான். போட்டியே கிடையாது. வசனமில்லாத வேடத்தை யார் போடுவார்கள். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் படம் எடுக்க வருகிற பிள்ளைகள் அன்பாக ஒன்று கேட்பார்கள்: அங்கிள், நீங்க இந்தியாதானே? இல்லை, மலேசியா என்பேன். "ஓ" என்பார்கள். சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை என்றில்லை. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து வந்த நம்முடைய தமிழ்ப் பிள்ளை ஒன்றும் அதையே கேட்டு, அதே "ஓ"வைச் சொன்னது. நாட்டின் தேசிய மலராச்சே என்று பூவைக் காட்டுவேன். அது சாமிக்கு வைத்த பூ என்று நினைப்பார்கள்.

இந்தியாவுக்கு நான் போனதே கிடையாது. எங்கள் பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்பதில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இருந்த சண்டை, இருவரும் போய்ச் சேர்ந்த பிறகும் தீரவில்லை. ஒருவர் சேலம் என்றார், இன்னொருவர் ஆத்தூர் என்றார். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. சுங்கை பஞ்சாங் சாலையில் எத்தனை வளைவு என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன்.

இதில் அம்மா எப்படி வந்தாள் என்று சொல்ல வேண்டும்.

அம்மா பெயர் காளியம்மா. கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். பால் இறங்கப் பால்மரத்தின் பட்டை வெட்டினாள், பிறகு தோட்டம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மாறியதும் உதிரிப் பழம் பொறுக்கினாள். பிறந்ததை யாரும் போய்ப் பதிவு செய்யவில்லை. அந்த நாளில் லயத்தில் ஆடு காணாமல் போனால் வேலை மேய்க்கிற மண்டோரிடம் சொல்வார்கள், பிள்ளை பிறந்தால் கணக்கு எழுதுகிற கிராணியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றாது. அதனால் அவளிடம் இருப்பது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் குடியிருக்கலாம், இந்த நாட்டுக்காரி அல்ல என்று பொருள். வேறு எந்த நாட்டுக்காரி என்று அதில் எழுதவில்லை. குடிமக்களுக்குத் தருகிற நீல ஐசிக்கு அவள் மனுப்போட ஆரம்பித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எனக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

தேர்தல் அன்று எங்கள் வீட்டில் முதலில் எழுகிறவள் அம்மாதான். எங்களைத் தட்டி எழுப்பி, இட்லி கொடுத்து, ஓட்டுப்போட அனுப்புவாள். திரும்பி வந்ததும் வாசலிலேயே நிறுத்தி ஒவ்வொருவர் விரலையும் பிடித்து மை இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால்தான் உள்ளே விடுவாள்.

நான் காதில் பூவோடு கண்ணாடி முன்னால் நின்ற முதல் நாள், இது என்ன வேண்டுதல் என்று கேட்டாள். விளக்கினேன். ஒவ்வொரு நாடும் ஓர் ஆள், நான் மலேசியா. அம்மாவுக்கு அதில் புரியாதது ஒன்றுமே இல்லை. எல்லைக்கு ஒரு முனியாண்டியை வைத்துச் சுருட்டும் சாராயமும் கொடுத்து வளர்ந்தவளுக்கு, நாட்டுக்கு ஓர் ஆள் என்பது பெரிய விஷயமா. நித்தியாவுக்குப் படித்தும் புரியவில்லை. அம்மா நேராக வயதுக்குப் போய்விட்டாள்.

"எப்ப பொறந்தான்?"

சொன்னேன்.

"மெர்டேக்கா அன்னிக்கு எனக்கு அஞ்சு வயசு. தோட்டத்துல மிட்டாய் குடுத்தாங்க. அப்ப எனக்குத் தம்பி மொற."

மலேசியா என்று பெயர் வந்தது சுதந்திரத்துக்கும் ஆறு வருடம் கழித்து என்று நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"அப்ப இன்னும் சின்னவன்," என்றாள். "ஒனக்கு மாமன்டா அவன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மலேசியாவுக்கு மாமன் என்று பெயர். கொடியைப் பார்த்தால் மாமன் கொடி. பெட்ரோல் விலை ஏறினால், ஒங்க மாமன் பண்ண வேலையப் பாரு. அம்மாவோடு பிறந்த ஆண் யாரும் இல்லை. எனக்குக் காது குத்தியபோது மாமன் மடி வேண்டுமே என்று அடுத்த லயத்து ஆள் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தார்களாம். அவர் மடியிலேயே நான் மூத்திரம் போய்விட்டேன், அவர் சீர் ஒன்றும் கொடுக்காமல் எழுந்து போய்விட்டார். அதனால் இந்தப் புதுத் தம்பி மேல் அம்மாவுக்கு ஒரே நேரத்தில் பாசமும் கோபமும் வந்துவிட்டது. தீபாவளிக்கு முந்தின நாள், வாசலைப் பார்த்துக்கொண்டே, தம்பி வர்றானான்னு பாக்குறேன் என்பாள். வீடே சிரிக்கும். அவளும் சிரிப்பாள், எல்லோருக்கும் கடைசியில் நிறுத்துவாள்.

இந்த ஆண்டு ஐசி பதிவு அலுவலகத்தில் மறுபடியும் பொறுத்திருக்கச் சொன்னார்கள். நான்தான் காரில் கூட்டிப்போயிருந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா கேட்டாள்.

"ஒன்னோட மலேசியா எங்க வருவான்? என்னையும் கூட்டிட்டுப் போ. அவன்கிட்ட ஒன்னு கேக்கணும்."

"அது நான்தானேம்மா."

"தெரியும்லா. அன்னிக்கு நீ அவந்தானே. அன்னிக்குக் கேக்குறேன்."

என்ன கேட்கப்போகிறாள் என்று எவ்வளவு துருவியும் சொல்லவில்லை. எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். இத்தனை ஆண்டு இளித்துக்கொண்டே தட்டைத் தூக்கிய எனக்கு, முதன்முறையாக மலேசியாவாக நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அம்மா கேட்கும்போது நான் மலேசியாவாக எதிரே இருக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

நினைத்ததோடு சரி. கூட்டத்துக்குச் சில நாள் முன்பு தொடரின் அடுத்த பருவத்துக்கு முன்னோட்டம் வந்தது. மலேசியாவுக்கு ஒரு முழுப் பாகம்! குழுவில் இருந்த எல்லாப் பிள்ளைக்கும் திடீரென்று மலேசியா மேல் காதல் வந்துவிட்டது. குழுவை நடத்துகிறவள் சியூ லிங், தஞ்சோங் காராங்கில் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறாள். கூட்டத்தன்று காலையில் மண்டபத்துக்குப் பின்னால் என்னைத் தனியாக அழைத்தாள். மேடையில் உலக மாநாட்டுக் காட்சி போடுகிறோம், கோலாலம்பூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள், மலேசியாவாக ஹக்கிம் நிற்கட்டுமே என்றாள். ஹக்கிம் சுங்கை பஞ்சாங்கில் நெல் விவசாயி வீட்டுப் பையன், இருபத்திரண்டு வயது, உயரம், இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இடுப்பு. எனக்கே அவனைப் பார்த்தால் ஓட்டுப்போடத் தோன்றும். இந்தியாவாக வர வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல், அங்கிள் அதைச் செய்தால் மிகவும் இயல்பாக இருக்கும் என்று சியூ லிங் முடித்தாள். அவள் முகத்தில் ஒரு கெடுதலும் இல்லை. எனக்கு உதவி செய்கிறோம் என்றே நினைத்தாள்.

என் வாயில் முடியாது என்ற சொல் கிளம்பி வருவதற்குள் சரி என்ற சொல் எப்போதும் முந்திவிடும். அன்றும் முந்தியது.

அது மட்டுமா. ஹக்கிமுக்குத் தட்டுத் தூக்கவும் நானே கற்றுக்கொடுத்தேன். நெஞ்சுக்கு நேரே பிடி, காலைப் பார்க்காதே, இளி. இதையெல்லாம் அன்பாகச் சொன்னேன். கடைசி விதியை மட்டும் கொஞ்சம் கறாராகச் சொன்னேன். யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக் கூடாது, மலேசியா பேசாது. அதைச் சொன்ன தோரணையில் பயிற்சி பாதி, வயிற்றெரிச்சல் பாதி. ஹக்கிம் நல்ல பிள்ளை. சரி அங்கிள், சரி அங்கிள் என்று தலையாட்டினான்.

இந்தியா உடை வாடகைக்கு வந்திருந்தது. மின்னுகிற கருநீல அங்கி, தலைப்பாகை, வளைந்த செருப்பு. வடக்கே எங்கோ குதிரையில் வருகிற மாப்பிள்ளைக்குத் தைத்தது. அந்த மாப்பிள்ளை ஒல்லி. நித்தியா பின்னால் ஊசி குத்தி எப்படியோ மூடினாள். நான் மூச்சு விட்டபோதெல்லாம் ஒரு சமிக்கி கீழே விழுந்தது.

"மூச்ச மட்டும் ரொம்ப இழுக்காதீங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத்தைக்கு என்னா சொல்லப் போறீங்க?"

அம்மா முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பதிவு அலுவலகத்துக்குப் போகும்போது கட்டுகிற அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். மடியில் கைப்பை, அதற்குள் சிவப்பு ஐசி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சுற்றிலும் பச்சை முடியும் வாலும் வைத்த பிள்ளைகள். அவள் ஒருவரையும் கவனிக்கவில்லை. தம்பி எந்தப் பக்கம் வருவான் என்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்தக் கோலத்தில் போய் அவள் முன்னால் நின்றேன். மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னாடா இது?"

"இன்னிக்கு நான் இந்தியாம்மா. மலேசியா அந்தப் பையன்." திரைக்குப் பக்கத்தில் நின்ற ஹக்கிமைக் காட்டினேன். காதில் பூ அவனுக்கு எடுப்பாக இருந்தது. அது என் வீட்டு வாசல் பூ.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஹக்கிமைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. அவனக் கேக்குறேன்," என்றாள். என்னிடமிருந்து பார்வையை எடுத்துவிட்டாள். நான் தேவைப்படாத ஓர் ஆளாக, சமிக்கி உதிர மேடை ஏறினேன்.

காட்சி ஆரம்பித்தது. இந்தியாவுக்கு நீளமாக ஒரு பேச்சு இருந்தது. ஒத்திகையில் நான் இரண்டு முறை மறந்ததும் சியூ லிங் அதை வெட்டி, நான் முன்பே சொன்னேனே என்ற ஒரே வசனமாக ஆக்கியிருந்தாள். அதையும் நான் ஜெர்மனி பேசி முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். கூட்டம் சிரித்தது. வேண்டுமென்றே செய்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டேன்.

பிறகு கதவு திறந்தது. ஹக்கிம் தட்டோடு வந்தான். மண்டபமே கத்தியது. இத்தனை ஆண்டு நான் வந்தபோது ஓர் இருமல்கூடக் கேட்டதில்லை. மேசையைச் சுற்றி எல்லோருக்கும் கிளாஸ் வைத்தான். என் முன்னால் வைக்கும்போது சரியாகச் செய்கிறேனா என்று கண்ணால் கேட்டான். கண்ணாலேயே சரி என்றேன். பிறகு, சியூ லிங் புதிதாகச் சேர்த்திருந்தபடி, மேடையை விட்டு இறங்கி முன் வரிசைக்காரர்களுக்கும் கொடுத்துக்கொண்டே போனான். அம்மா முறை வந்தது.

கிளாஸை எடுக்கவில்லை. ஒரு கையால் முழங்காலை ஊன்றி எழுந்து நின்றாள். ஹக்கிமின் நெஞ்சுக்குத்தான் வந்தாள். முகத்தை அண்ணாந்து பார்த்து, தோட்டத்து மலாயில், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அடிக், தாக் கெனல் காகாக்?"

தம்பி, அக்காவைத் தெரியவில்லையா என்று.

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. எழுபதைத் தாண்டிய கிழவி இருபது வயதுப் பையனுக்குத் தன்னை அக்கா என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள். நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். அம்மா சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றாள். கை கைப்பையின் மேல் இருந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவள் அப்போதும் நின்றுகொண்டிருந்தாள்.

ஹக்கிம் இளித்தான். நான் சொல்லிக்கொடுத்த அதே இளிப்பு. வாயைத் திறக்கவில்லை. என்ன செய்வது என்று திரும்பி மேடையில் இருந்த என்னைப் பார்த்தான்.

அந்த இடத்தில் எனக்குத் தாங்கவில்லை. என் அம்மா இப்படித்தான் ஒவ்வொரு அலுவலக முகப்பிலும் நின்றிருக்கிறாள், எதிரே இருந்தவர்கள் இப்படித்தான் மரியாதையாக இளித்திருக்கிறார்கள். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். முதுகுப் பக்கம் நித்தியா குத்திய ஊசி தெறித்தது. மேடை விளிம்பில் நின்று, தமிழில் சொன்னேன்.

"தெரியும்மா."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஒன்ன யாருடா கேட்டா? நீ இந்தியா. போய் ஒக்காரு."

தமிழ் தெரிந்த பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அவர்கள் சொல்லிக் கேட்டு மற்றவர்களும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் பெற்ற அறிவுரைகளில் இவ்வளவு நியாயமானது வேறில்லை. மகனுக்கு அம்மாவைத் தெரியும் என்பது ஒரு செய்தியா. அதைக் கேட்கவா அவள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

ஹக்கிம்தான் அதற்குள் ஏதோ முடிவு செய்திருந்தான். தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, அம்மாவின் வலக்கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தான். வீட்டுப் பெரியவர்களுக்கு மலாய்க்காரர்கள் செய்கிற சலாம். ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு கையில் தட்டோடு குனியும் பாடத்தை நான் நடத்தியிருக்கவில்லை, கிளாஸ்கள் சறுக்கி, தே தாரிக் முழுக்க அரக்குச் சேலையில் கொட்டியது. அம்மா அவன் தலையில் கையை வைத்தாள், அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், பிறகு உட்கார்ந்து சேலையைப் பிழிந்தாள்.

நிகழ்ச்சி முடிந்து ஹக்கிம் ஓடி வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டான். பதில் சொல்லத்தான் நினைத்தேன் அங்கிள், நீங்கள்தான் பேசக் கூடாது என்றீர்கள் என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

திரும்பும்போது நித்தியா கார் ஓட்டினாள். எனக்கு அந்த அங்கியில் முழங்கை மடங்கவில்லை. காரெல்லாம் தேநீர் வாசம். பெஸ்தாரி ஜெயா தாண்டும்வரை அம்மா வெளியே செம்பனையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நல்ல பையன்," என்றாள். "பெத்தவங்க நல்லா வளத்திருக்காங்க. ஆனா பதில் சொல்லல."

"அவன் மேல தப்பில்லம்மா. நான்தான் பேசாதன்னேன். மலேசியாவுக்கு வசனம் கெடையாது."

"அது அவனுக்கு. ஒனக்கு வாய் இருக்குல்ல. அடுத்த வருசம் நீயே நில்லு. நா மறுபடி கேக்குறேன். அப்ப மகனா பதில் சொல்லாத. அவனா சொல்லு."

நித்தியா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். இதுவரை என் காதுப் பூவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாதவள். "அடுத்த வருசம் முடியாதுன்னு சொல்லிப் பழகுங்க," என்றாள்.

புதுப் பருவம் வந்தது. மலேசியாவின் முழுப் பாகத்தை நாங்கள் மூவரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். மாமன் பேசினான், நிறையவே பேசினான். டுரியான் பற்றிப் பேசினான், நாசி லெமாக் பற்றிப் பேசினான், சிங்கப்பூரோடு சாப்பாட்டுச் சண்டை போட்டான். கடைசியில் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்தான். அம்மா முடியும்வரை பார்த்துவிட்டு, அக்காவைப் பற்றி ஒன்னுமே சொல்லல என்று எழுந்து போனாள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகுகிறேன். காதில் பூ, கையில் தட்டு, அடுப்படியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு நடை. தட்டு இப்போது துளி ஆடுவதில்லை. பதிலும் பலவிதமாக யோசித்து வைத்திருக்கிறேன். தெரியும் அக்கா என்பது மிகச் சுலபம், ஆனால் தெரிந்தும் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அவள் அடுத்ததாகக் கேட்பாள். அதற்கு மேல் என்னால் நாடாக யோசிக்க முடியவில்லை.

அம்மா மேசையில் காத்திருப்பாள். கிளாஸை வைத்ததும் எடுத்துக்கொள்வாள். ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தை அண்ணாந்து என்னைப் பார்ப்பாள்.

நான் இளிக்கிறேன்.

"சீனி கம்மி," என்கிறாள்.